முன்சக்கரத்தில் ஒரு முனகல்

மறையூரிலிருந்து காந்தலூருக்குச் சுமார் 15 கி.மீ.தான். அதற்குள் சாலை ஏறத்தாழ 5,000 அடி உயரத்துக்குப் போய்விடுகிறது. பூண்டும் கேரட்டும் உருளைக்கிழங்கும் விளையும் படிக்கட்டு வயல்கள், கொண்டை ஊசி வளைவுகள். இந்த மாதிரி மலையில் பழைய டிராக்டரை டிரெய்லரோடு இறக்குகிறவர் பிரேக்கைப் பற்றிக் கவலைப்படுவார். முன்சக்கர பேரிங் அவர் நினைவுக்கே வருவதில்லை.

வர வேண்டும். ஏற்றத்தில் பின்சக்கரம் சுமையை வாங்கிக்கொள்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது. வளைவில் பக்கவாட்டிலும் தள்ளுகிறது. இந்த இரண்டு விசைகளையும் சேர்த்துத் தாங்கத்தான் கூம்பு வடிவ ரோலர் பேரிங். 1898-ல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை பெற்ற ஹென்றி டிம்கன் வண்டி செய்து பிழைத்தவர். வளைவில் திரும்பும் குதிரை வண்டியின் அச்சுதான் அவருடைய பிரச்சினை. நமக்கும் அதேதான், குதிரை மட்டும் இல்லை.

பேரிங் திடீரென்று சாவதில்லை. சேற்றில் உழும்போது தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்து, கிரீஸ் கெட்டு, ரோலர்களில் குழி விழுகிறது. பிறகு முனகல், ஸ்டீயரிங்கில் ஆட்டம். சோதிப்பது எளிது. பின்சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, கீழே கட்டை வையுங்கள். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஹப் மட்டும் அசைந்தால் பேரிங். ஸ்டப் ஆக்ஸிலும் சேர்ந்து அசைந்தால் கோளாறு கிங் பின் புஷ்ஷில். இதைப் பார்க்காமல் பேரிங்கை மாற்றிவிட்டு, ஆட்டம் போகவில்லையே என்று புலம்புகிறவர்கள் உண்டு.

கிரீஸ் மூடி, ஸ்பிளிட் பின், நட்டு, வாஷர், வெளிப் பேரிங் என்று வரிசையாகக் கழற்றினால் ஹப் கைக்கு வந்துவிடும். பெரிய பேரிங் உள்பக்கம் சீலுக்குப் பின்னால் இருக்கிறது. டீசலில் கழுவிப் பாருங்கள். நீலம் பாரித்திருந்தால் சூடேறியிருக்கிறது என்று அர்த்தம். கழுவிய பேரிங்கைக் காற்றடித்துச் சுழல விடும் விளையாட்டு வேண்டாம், ரோலர் தெறித்தால் கண் போகும்.

பலரும் சிக்கனம் பிடிப்பது ஹப்புக்குள் இறுகியிருக்கும் கப்பில். அதைத் தட்டி எடுப்பது சிரமம் என்று பழைய கப்பிலேயே புதுப் பேரிங்கைப் போட்டுவிடுகிறார்கள். பழைய குழிகள் புது ரோலரைச் சீக்கிரமே தின்றுவிடும். கப், பேரிங், சீல் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புதுக் கப்பைப் பித்தளைக் கம்பியால் சுற்றிலும் மாறி மாறித் தட்டி இறக்குங்கள்; அடியில் உட்கார்ந்ததும் சத்தம் மாறுவது காதுக்கே தெரியும். ஆக்ஸிலில் பள்ளம் விழுந்திருந்தால் புதுப் பேரிங்கும் நிற்காது.

உள்ளங்கையில் கிரீஸை வைத்து, ரோலர்களுக்கு இடையே பிதுங்கி வரும்வரை பேரிங்கை அழுத்த வேண்டும். மேலே பூசினால் போதாது. நட்டை இறுக்குவதில்தான் அனுபவம் பேசுகிறது. சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே, இழுத்துப் பிடிக்கும்வரை இறுக்கி, பிறகு பின் துளை நேராகும் அளவுக்குச் சற்றே தளர்த்துவது பொது வழக்கம். சரியான அளவு அந்தந்த மாடலின் கையேட்டில் இருக்கும். அதிகம் இறுக்கினால் பேரிங் வெந்துவிடும், தளர்வாக விட்டால் அடிபடும். ஸ்பிளிட் பின் கட்டாயம் புதியதாக இருக்கட்டும்.

சாமான் வாங்கச் சின்னாறு காட்டைக் கடந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்குகிறவர்கள் பழைய பேரிங்கையும் கப்பையும் கையோடு கொண்டுபோவது நல்லது. வளையத்தில் பொறித்த எண்ணைக் கடையில் ஒப்பிடலாம். சந்தையில் போலிகள் உண்டு, அட்டைப் பெட்டியை நம்பிவிட முடியாது. ஒரு சக்கரம் தேய்ந்திருந்தால் மற்றதும் அதே சேற்றைத்தான் குடித்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்து வாங்கிவிட்டால் மறுபடி மலை இறங்க வேண்டியதில்லை. மாட்டிய பிறகு சில மணி நேரம் ஓட்டிவிட்டு ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நட்டை மறுபடி பார்க்க வேண்டும், அதுவும் அடுத்த லோடு ஏறும் முன்பே.