பெட்டியில் கிடக்கும் மத்தியஸ்தத் தீர்ப்பு வழக்கைத் தடுக்குமா?

கள்ளிக்காடு, பாறசாலை வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் பாகத் தகராறு வந்தால், ஊர்ப் பெரியவர்கள் இருவர் மூவரை மத்தியஸ்தம் வைத்து, "நீங்கள் சொல்வதற்குக் கட்டுப்படுகிறோம்" என்று கையெழுத்திட்டுக் கொடுப்பது உண்டு. தீர்ப்பும் எழுதப்படும். பிறகு அந்தத் தாள் கோர்ட்டுக்குப் போகாமல் பெட்டியில் தங்கிவிடும். பல வருஷம் கழித்து, அண்ணன் தம்பியரில் ஒருவரோ அவர் மகனோ நெய்யாற்றின்கரை கோர்ட்டில் பாத்தியதை வழக்குப் போடும்போதுதான் அது வெளியே வரும். "தீர்ந்துபோன விஷயத்துக்கு வழக்கு எப்படிச் செல்லும்?" என்பார் பிரதிவாதி.

1940-ம் வருஷத்து மத்தியஸ்தச் சட்டப்படி, தீர்ப்பைக் கோர்ட்டில் தாக்கல் செய்து டிக்ரி வாங்க வேண்டியிருந்தது. தீர்ப்பு எழுதிய நோட்டீஸ் கிடைத்த 30 நாளுக்குள் கட்சிக்காரர் அதற்கு மனுக் கொடுக்க வேண்டியிருந்தது. டிக்ரி ஆகாத தீர்ப்புக்குப் பலனே இல்லை, ஆகவே பதிவும் வேண்டாம் என்று பஞ்சாப் ஹைகோர்ட் கருதியிருந்தது. 1968-ல் சதீஷ்குமார் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை ஏற்கவில்லை. கட்சிக்காரர்களை அந்தத் தீர்ப்பு கட்டுப்படுத்தும். அதனாலேயே, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தில் உரிமை உண்டாக்கினால் பதிவு கட்டாயம் என்றது. பதிவில்லாத தாளைக் காட்டிப் பாத்தியதை கொண்டாட முடியாது.

ஆனால் 1960-ல் காசிநாத்சா வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட் வேறொன்றைக் கவனித்தது. பஞ்சாயத்தார் சொன்னபடி குடும்பத்தார் சம்மதத்தோடு பிரித்து, அவரவர் பங்கை அனுபவித்துவிட்டார்கள். பின்னர் மறுபடி பாகம் கேட்டபோது, தீர்ப்பு தாக்கலாகவில்லை, பதிவாகவில்லை என்ற வாதம் எடுபடவில்லை. ஆகவே கோர்ட் பெட்டியை மட்டும் பார்ப்பதில்லை, பூமியையும் பார்க்கிறது. எல்லைக் கல் நட்டது யார், எந்தத் துண்டில் யார் ரப்பர் வெட்டினார், எந்த வருஷம் முதல் தனித்தனியே கரம் கட்டினார்கள் என்பவை சாட்சியாகும். கரம் தீர்த்த ரசீதும் போக்குவரவும் மட்டுமே பாத்தியதை தந்துவிடா. அப்படி நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்!

எழுத்து மூலம் ஒப்பந்தமின்றித் திண்ணையில் பேசி முடித்தது மத்தியஸ்தத் தீர்ப்பாகாது. ஒப்பந்தத்தில் சேராத அடுத்த நிலத்துக்காரரையும் அது கட்டாது.

1996-ம் வருஷத்துச் சட்டத்தில் தீர்ப்பைத் தாக்கல் செய்து டிக்ரி வாங்கும் வேலை இல்லை. காலக்கெடுவுக்குள் ரத்து மனு வராவிட்டால் டிக்ரி போலவே நிறைவேற்றலாம். முத்திரையும் பதிவும் மட்டும் போகவில்லை. தீர்ப்பைச் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் நான்கு மாதத்துக்குள் ஆஜர் செய்ய வேண்டும். பிந்தினால், தக்க காரணம் காட்டி, அபராதத்துடன் இன்னும் நான்கு மாதம்.