காலத்தாழ்வும் தாளமும்: தொலைதூரப் பாடம் பயிற்றலில் இயக்கமுறைமையும் வலையமைப்பும்

ஆய்வுச் சுருக்கம்

ஒலியும் காட்சியும் பல கணினிகளுக்கிடையே தொடர்ந்து பாயும் பயன்பாடுகள் பரவல் பல்லூடகப் பயன்பாடுகள் எனப்படும். இவற்றில் தரவு பிழையின்றி வந்து சேர்வது மட்டும் போதாது. உரிய காலத்திலும் வந்து சேர்தல் வேண்டும். இதற்கு இயக்கமுறைமையும் வலையமைப்பும் துணைநிற்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தேனி வட்டாரத்தில் கண் மருத்துவத்திற்காக அமைக்கப்பட்ட கம்பியில்லா வலையமைப்பு சான்றாகக் கொள்ளப்படுகிறது. அச்சான்றின் வழியே, காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் வழங்கும் சந்தை முறையும் தாளத்தோடு கூடிய இசைப் பயிற்சியும் காலத்தாழ்வைத் தாங்கும் அளவில் வேறுபடுகின்றன என்னும் கருத்து முன்வைக்கப்படுகிறது.

திறவுச் சொற்கள்: பரவல் பல்லூடகம், சேவைத்தரம், காலத்தாழ்வு, காலத்தடுமாற்றம், ஒத்தியைவு, சந்தை, லயம்.

1. முன்னுரை

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் 2019 சூலை 1 முதல் ஆகத்து 17 வரை அத்திவரதர் பெருவிழா நடைபெற்றது. 1979க்குப் பின் நாற்பது ஆண்டு கழித்து வந்த அவ்விழாவிற்கு ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்ததாக அப்போது அறிவிக்கப்பட்டது. வர இயலாதோர் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் கண்டு வணங்கினர். இவ்வாறு காண்போருக்குக் காட்சி பத்து நொடி பிந்தி வந்தாலும் இழப்பு எதுவுமில்லை. அதே ஊரில் அமர்ந்து, தொராண்டோவில் உள்ள மாணவருக்குத் திருப்பதிகம் ஒன்றைத் தாளத்தோடு பயிற்றும் ஆசிரியருக்கோ ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தினாலும் பாடம் நிலைகுலைகிறது. இரண்டும் ஒரே கருவியில், ஒரே இணைய வழியில் நிகழ்வன. ஒன்று இயல்வதும் மற்றொன்று இடர்ப்படுவதும் ஏன் என்பதே இக்கட்டுரையின் வினா.

புலம்பெயர் தமிழரிடையே திருமுறையும் திவ்வியப் பிரபந்தமும் கருநாடக இசையும் இன்று பெருமளவில் இணையவழிப் பயிற்றப்படுகின்றன. ஆதலின் இவ்வினா கணினியியலுக்கு மட்டும் உரியதன்று. தமிழ் மரபு அடுத்த தலைமுறையைச் சேரும் முறைக்கும் உரியது.

2. காலத்தால் அளக்கப்படும் தரவு

கணினிக் கோப்பு ஒன்றை அனுப்பும்போது ஓர் எழுத்தும் தவறக் கூடாது. ஆனால் சில நொடி தாமதிக்கலாம். ஒலிக்கும் காட்சிக்கும் நிலைமை பெரிதும் இதற்கு மாறானது. ஓரிரு துளிகள் தவறினாலும் செவி பொறுத்துக்கொள்ளும். பிந்தி வந்த துளியால் பயனில்லை.

தரவின் அளவும் பெரிது. குறுவட்டுத் தரத்தில் ஒலி நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது, ஒவ்வோர் அளவையும் 16 பிட், இரு தடங்கள். ஆக நொடிக்கு 14 இலட்சம் பிட்டுக்கு மேல் ஆகிறது. 640க்கு 480 புள்ளிகள் கொண்ட வண்ணக் காட்சியை நொடிக்கு 25 படமாகச் சுருக்காமல் அனுப்பினால் 18 கோடி பிட்டுக்கு மேல் வேண்டும். எனவே சுருக்குதல் இன்றியமையாதது. சுருக்குதலும் விரித்தலும் காலம் கொள்ளும் செயல்களே.

இப்பயன்பாடுகளின் சேவைத்தரம் நான்கு அளவுகளால் குறிக்கப்படும்: பட்டையகலம், காலத்தாழ்வு, காலத்தடுமாற்றம், இழப்பு. காலத்தாழ்வு என்பது பொதி புறப்பட்டுச் சேரும் காலம். அக்காலம் பொதிக்குப் பொதி மாறுபடுதல் காலத்தடுமாற்றம். உரையாடலுக்கு ஒருவழித் தாழ்வு 150 மில்லிநொடிக்குள் இருத்தல் நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை.

இவற்றோடு ஒலி, காட்சி ஆகியவற்றின் ஒத்தியைவும் வேண்டும். உதட்டசைவுக்கும் ஒலிக்கும் இடையே 80 மில்லிநொடி வரையிலான வேறுபாட்டை மக்கள் உணர்வதில்லை என்று இரால்ஃபு இசுட்டைன்மெட்சின் ஆய்வு காட்டியது. காஞ்சியின் கோர்வைப் புடவை இதனை விளக்க உதவும். உடலும் கரையும் வெவ்வேறு நிறங்களில் அமையும்போது நெசவாளரும் துணையாளும் தத்தம் நாடாவை ஓட்டுவர். ஒவ்வோர் ஊடையிலும் இரு நிற இழைகளும் பொருத்துமிடத்தில் ஒன்றையொன்று பற்ற வேண்டும். ஒருவர் விரைந்தும் மற்றவர் பிந்தியும் ஓட்டினால் நூல் மிகுந்திருந்தும் புடவை உருவாகாது. இரு பாய்வுகள் தனித்தனியே செம்மையாக இருப்பினும், சேருமிடத்தில் பொருந்தாவிடில் பயனில்லை என்பதே ஒத்தியைவின் சாரம்.

3. இயக்கமுறைமையின் பங்கு

பொதுவான இயக்கமுறைமை எல்லாப் பணிகளுக்கும் செயலியின் நேரத்தை நியாயமாகப் பங்கிட முயல்கிறது. பல்லூடகத்திற்கு நியாயம் மட்டும் போதாது. இணைய ஒலி பெரும்பாலும் 20 மில்லிநொடித் துண்டுகளாக அனுப்பப்படுகிறது. நொடிக்கு 48,000 அளவைகள் எனில் ஒரு துண்டில் 960 அளவைகள். ஒவ்வொரு 20 மில்லிநொடிக்கும் ஒரு துண்டு ஆயத்தமாக இல்லாவிடில் ஒலிபெருக்கியில் வெடிப்பொலி எழும். அவ்வேளையில் செயலி வேறொரு கோப்பைப் படித்துக்கொண்டிருந்தது என்பது செவிக்குச் சமாதானம் ஆகாது.

இதற்கு மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, கெடு நெருங்கிய பணியை முதலில் செய்தல். லியுவும் லேலண்டும் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதன் அடிப்படை. ஒரே செயலியில் கெடுவின் அணிமையைக் கொண்டு பணிகளை வரிசைப்படுத்தினால், செயலியின் முழுத் திறனையும் பயன்படுத்தியே எல்லாக் கெடுக்களையும் காக்கலாம் என்று அவர்கள் நிறுவினர். லினக்சு இயக்கமுறைமையின் கருவில் இத்தகைய வரிசைமுறை 2014இல் இடம்பெற்றது. இரண்டாவது, அனுமதிக் கட்டுப்பாடு. புதிய பணி கேட்கும் வளம் எஞ்சியிருந்தால் மட்டுமே அதனை ஏற்றல். இல்லையேல் முன்னரே மறுத்தல். ஏற்றபின் எல்லாவற்றையும் கெடுப்பதைவிட இது மேல். மூன்றாவது, தரவை நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குப் படியெடுக்கும் முறைகளைக் குறைத்தல்.

4. வலையமைப்பின் பங்கு

இணையம் பொதிகளைச் சேர்ப்பிக்க இயன்றவரை முயலும். உறுதி எதுவும் தராது. உறுதி தரும் இரு திட்டங்கள் 1990களில் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு பாய்வுக்கும் வழிநெடுக வளத்தை முன்பதிவு செய்தல் ஒன்று. பொதிகளை வகைபிரித்து, விரைவு வேண்டுவனவற்றை முன்னே விடுதல் மற்றொன்று. முன்னது எண்ணற்ற பாய்வுகளை இடைவழிக் கருவிகள் நினைவில் வைத்திருக்க வேண்டியதால் பரந்த இணையத்தில் நிலைபெறவில்லை. பின்னது நிறுவனங்களின் உள்வலையமைப்புகளில் பயன்படுகிறது.

எனவே இன்று பெரும்பணி முனைக் கணினிகளுக்கே விழுகிறது. 1996இல் வரையறுக்கப்பட்டு 2003இல் திருத்தப்பட்ட ஆர்.டி.பி. நெறிமுறை ஒவ்வொரு பொதிக்கும் வரிசை எண்ணும் காலமுத்திரையும் இடுகிறது. பெறுமிடத்தில் பொதிகள் சிறிது நேரம் இடைத்தேக்கத்தில் வைக்கப்பட்டுச் சீரான இடைவெளியில் ஒலிக்கப்படுகின்றன. தறிக்கு அருகில் சுற்றிய தார்கள் சில ஆயத்தமாக இருந்தால், தார் சுற்றுவோர் சற்றே பிந்தினாலும் நாடா நிற்பதில்லை, இடைத்தேக்கமும் அத்தகையதே. ஆயினும் தேக்கம் பெருகுமளவுக்குக் காலத்தாழ்வும் பெருகும். தடுமாற்றத்தை நீக்கத் தாழ்வையே விலையாகக் கொடுக்கிறோம்.

5. தேனிச் சான்று

மேற்கூறிய இரு அடுக்குகளும் ஒருங்கே மாற்றியமைக்கப்பட்டால் விளையும் பயனுக்குத் தமிழகத்திலேயே சிறந்த சான்று உண்டு. 1976இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, தேனி வட்டாரச் சிற்றூர்களில் பார்வை மையங்களை நிறுவியது. மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியைப் பரிசோதிப்பார். தேனி மருத்துவமனையிலுள்ள மருத்துவர் காணொளியில் நோயாளியோடு உரையாடி முடிவு கூறுவார். பேருந்துச் செலவும் ஒருநாள் கூலியும் இழக்க அஞ்சிக் கண்ணைக் கவனியாது விட்டோருக்கு இது வழிதிறந்தது.

தேவையான பட்டையகலம் அவ்வூர்களில் அப்போது இல்லை. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் எரிக் பிரூவர் தலைமையிலான குழு, விலை குறைந்த வைஃபை கருவிகளைத் திசைநோக்கிய அலைவாங்கிகளோடு கோபுரங்களில் பொருத்தி இணைப்பு ஏற்படுத்தியது. வைஃபை ஒரு கட்டடத்திற்குள் பயன்படுவதற்காக உருவானது. பல கிலோமீட்டர் தொலைவில் அது மூன்று காரணங்களால் தடுமாறியது.

முதலாவது, ஒவ்வொரு பொதிக்கும் ஒப்புகை வரும்வரை அனுப்புநர் காத்திருக்கிறார். 30 கிலோமீட்டர் தொலைவில் அலை சென்று மீளவே 200 மைக்ரோநொடி ஆகும். கருவி இயல்பாகக் காத்திருக்கும் காலம் அதைவிடக் குறைவு. ஒப்புகை வந்துகொண்டிருக்கும்போதே பொதி தொலைந்தது என்று கருதி மீண்டும் அனுப்பும். இரண்டாவது, பேசுமுன் பிறர் பேசுகின்றனரா என்று செவிமடுக்கும் முறை நெடுந்தொலைவில் பயன்படாது. இரு முனைகளும் ஒரே வேளையில் தொடங்கி மோதும். மூன்றாவது, ஒரே கோபுரத்தில் உள்ள அலைவாங்கிகளுள் ஒன்று அனுப்பும்போது மற்றொன்றால் பெற இயலாது.

2007இல் வெளியான வைல்டுநெட் என்னும் தீர்வு, கருவியை மாற்றாமல் லினக்சு கணினியில் மென்பொருளையே மாற்றியது. அனுப்பவும் பெறவும் தனித்தனி நேரக்கூறுகள் வகுக்கப்பட்டன. பல பொதிகளுக்கும் சேர்த்து ஒரே ஒப்புகை அனுப்பப்பட்டது. தொலைந்த பொதியை மீட்டுருவாக்கக் கூடுதல் தரவும் சேர்க்கப்பட்டது. இதனால் இணைப்புகளின் பயன்திறன் இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்தது என அக்குழுவினர் அறிவித்தனர். வளம் சிறிதாயினும், அதனைக் காலத்தால் பங்கிட்டால் பல்லூடகம் இயலும் என்பதே இச்சான்று தரும் பாடம்.

6. தாளமும் சந்தையும்

தேனியில் வேண்டியது உரையாடல். இசைப் பயிற்சிக்கு வேண்டியது அதனினும் கடியது. ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் செல்லும். 2002இல் அமைந்த ஐ2ஐ கடலடி வடம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டர் நீளமுடையது. அதைக் கடக்க 16 மில்லிநொடி ஆகும். தொராண்டோ நேர்வழியிலேயே 13,000 கிலோமீட்டருக்கு மேல். 65 மில்லிநொடிக்குக் குறைந்து ஒலி செல்ல இயலாது. இவற்றின்மேல் 20 மில்லிநொடித் துண்டாக்கலும் இடைத்தேக்கமும் சேரும். முன்னவற்றை மென்பொருள் குறைக்கலாம். ஒளியின் வேகத்தை எதுவும் மாற்றாது.

இணைந்து இசைப்போர் ஒருவரையொருவர் கேட்டுத் தாளம் பிசகாதிருக்கத் தாழ்வு ஏறத்தாழ 25 மில்லிநொடிக்குள் இருத்தல் வேண்டும் என்பது வலைவழி இசை பற்றிய ஆய்வுகளால் பெறப்படும் அளவு. காற்றில் ஒலி அக்காலத்தில் எட்டரை மீட்டர் செல்லும். கோயிலில் பிரபந்த கோட்டியார் நெருங்கி நின்று ஓதுவது இவ்வெல்லைக்குள் அடங்குகிறது. தொராண்டோ இவ்வெல்லைக்கு வெளியே உள்ளது.

அரை நொடிக்கு ஒரு தட்டு என ஆசிரியர் தாளம் போடுவதாகக் கொள்வோம். ஒருவழித் தாழ்வு 100 மில்லிநொடி. மாணவர் தாம் கேட்ட தட்டோடு பிழையின்றிப் பாடினும், ஆசிரியர் செவிக்கு அது 200 மில்லிநொடி பிந்தும். அதாவது ஒரு தட்டில் ஐந்தில் இரண்டு பங்கு. ஆசிரியர் மாணவருக்காகத் தாளத்தை நெகிழ்த்தினால் மாணவரும் அதற்கேற்ப நெகிழ்வார். காலப்பிரமாணம் படிப்படியாகத் தளரும்.

சந்தை முறையில் இவ்விடர் இல்லை. ஆசிரியர் ஒருமுறை சொல்ல மாணவர் இருமுறை சொல்லும் அம்மரபில் இருவர் குரலும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. தாழ்வு முழுதும் சொற்றொடர்களுக்கு இடைப்பட்ட மௌனத்தில் அடங்கிவிடும். ஓலைச்சுவடியின் துணையும் வேண்டாது செவிவழி காக்க எழுந்த முறை, கடல் கடந்த வலைவழிக்கும் பொருந்துவது கருதத்தக்கது.

தாளப் பயிற்சியைக் கைவிட வேண்டியதில்லை. ஆனால் ஆசிரியர் எதைக் கொண்டு மதிப்பிடுகிறார் என்பதை மாற்ற வேண்டும். மாணவரின் குரலைத் தம் தாளத்தோடு ஒப்பிடாமல், மாணவரின் கையில் விழும் தாளத்தோடு ஒப்பிட வேண்டும். குரலும் கையும் ஒரே இடத்தில் புறப்படுவன; இரண்டும் ஒருசேரப் பிந்தினால் லயம் குன்றாது. இங்குத் தாழ்வைவிட ஒத்தியைவே முதன்மை பெறுகிறது. ஆர்.டி.பி. நெறிமுறையின் காலமுத்திரைகள் இதற்கு வேண்டிய அடிப்படையைத் தருகின்றன. ஆயினும் 80 மில்லிநொடி என்பது உதட்டசைவுக்கான எல்லை. விரைந்த காலத்தில் நுண்மையாக மதிப்பிட மாணவர் தாளத்தை ஒலி கேட்கத் தட்டுதல் நலம். அப்போது தாளமும் குரலும் ஒரே ஒலிப்பாய்வில் வரும்.

இவ்விடத்தில் மென்பொருளின் இயல்பமைப்புகள் மூன்று இடர் விளைக்கின்றன. முதலாவது, பேச்சுக்கென அமைந்த இரைச்சல் நீக்கம் தொடர்ந்து ஒலிக்கும் சுருதியை இரைச்சலாகக் கருதி அழிக்கிறது. இரண்டாவது, தொலைந்த துண்டை முந்தைய ஒலியைக் கொண்டு நிரப்பும்போது, அசைந்து செல்லும் கமகம் அவ்விடத்தில் தட்டையாகிறது. மூன்றாவது, இடைத்தேக்கத்தின் அளவைச் சரிசெய்ய மென்பொருள் ஒலியைச் சிறிது நீட்டியும் குறுக்கியும் ஒலிக்கிறது. உலாவிகளில் வழங்கும் வெப் ஆர்.டி.சி. தொகுப்பிலும் இம்முறை உண்டு. பேச்சில் இது புலப்படாது. இசையிலோ, கருவி செய்த பிழைக்கு மாணவர் லயம் பிசகினார் என்ற பழி வரக்கூடும். நிலையான இடைத்தேக்கம் தாழ்வைக் கூட்டினும் லயத்தைக் காக்கும்; பயிற்றலுக்கு அதுவே ஏற்றது.

7. முடிவுரை

பல்லூடகத்திற்கான துணை என்பது விரைவு மட்டுமன்று. கெடு காத்தல், வளம் அறிந்து ஏற்றல், பாய்வுகளை ஒத்தியைத்தல் ஆகியவற்றின் கூட்டு. தேனியில் அக்கூட்டு மருத்துவ உரையாடலின் தேவையறிந்து அமைக்கப்பட்டது. இசைப் பயிற்றலின் தேவை வேறு. இரைச்சல் நீக்கத்தை நிறுத்துதல், காட்சியினும் ஒலிக்கு முன்னுரிமை அளித்தல், நிலையான இடைத்தேக்கம் கொள்ளுதல், சந்தை முறையால் பாடம் தொடங்கி மாணவர் கைத்தாளத்தால் லயம் மதிப்பிடுதல் ஆகியவை இன்றைய கருவிகளைக் கொண்டே பெரும்பாலும் இயல்வன. ஓதுவாரும் இசையாசிரியரும் தம் தேவையை அளவுகளாகக் கூறவும், மென்பொருள் வல்லுநர் அவற்றைக் கேட்டு அமைக்கவும் தமிழ்த் துறைகளும் கணினித் துறைகளும் ஒரே மேசையில் அமர்தல் வேண்டும்.