மண்டபம் பார்க்கப் போகிறீர்களா? பாதையையும் பாருங்கள்

ஐப்பசி முகூர்த்தம் நிறைந்த மாதம். ஆடியில் ஒதுக்கி வைத்த கல்யாணங்களும் புரட்டாசியில் தள்ளிப்போட்டவையும் இங்கேதான் வந்து சேரும். ஊவாவில் இதே நாட்களில்தான் வானமும் பொத்துக்கொள்ளும். இடைப்பருவ மழையாகத் தொடங்குவது, வடகீழ்ப் பருவமழையாகித் தை வரை இழுத்துக்கொண்டு போகும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தது 2014 ஒக்டோபர் 29, ஐப்பசியில். டித்வா புயல் பதுளை மாவட்டத்தைப் புரட்டிப் போட்டது 2025 நவம்பர் இறுதி, கார்த்திகையில். பதுளைப் பக்கம் கல்யாணத்துக்கு இடம் பார்க்கிறவர்கள் ஐயரிடம் நாள் கேட்டதோடு நின்றுவிட முடியாது.

தோட்டத்தில் முன்பெல்லாம் இடம் பார்ப்பது என்றொரு வேலையே கிடையாது. தாலி கட்ட மாரியம்மன் கோயில். பந்தி, லயத்து வாசலில் போட்ட பந்தலில். கூட்டம் கூடினால் பிள்ளை மடுவமோ வாசிகசாலையோ திறந்துவிடப்படும். அண்டாவும் கிடாரமும் கோயிலிலிருந்து வரும், காய் நறுக்க டிவிஷன் பெண்கள் வருவார்கள். பிள்ளைகள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போன பிறகு இது மாறியது. டவுனில் மண்டபம் எடுத்துச் செய்தால்தான் கல்யாணம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது.

அங்கேதான் கணக்கு இடிக்கிறது. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவுக்கு வந்ததே 2024 செப்டெம்பரில். 2026 வரவுசெலவுத் திட்டம் அதை வருகைக் கொடுப்பனவோடு சேர்த்து 1,750 ஆக்க முன்மொழிந்தது. ஹோட்டலில் ஒரு தட்டுச் சாப்பாடு ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டுவது சாதாரணம். அதைவிடப் பெரிய சிக்கல், ஹோட்டல்காரர்கள் தட்டை எண்ணுவார்கள், தோட்டத்தில் ஆளை எண்ணி அழைக்கும் பழக்கமில்லை. டிவிஷன் முழுக்கச் சொல்லவேண்டும், பக்கத்துத் தோட்டத்துச் சொந்தத்துக்கும் சொல்லவேண்டும். ஒரு வீட்டுக்குப் பத்திரிகை வைத்தால் வருவது இரண்டு பேரா ஏழு பேரா என்று யார் சொல்வது? இப்படிப்பட்ட கல்யாணத்துக்கு, சொந்தச் சமையல்காரரை உள்ளே விடும் மண்டபமே ஏற்றது. பளபளப்பு குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. பின்புறம் விறகடுப்பு மூட்ட இடமும், கூரையும், தண்ணீர் டேங்கும் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கவேண்டும். மண்டபத்தின் முகப்பை மட்டும் போனில் படமெடுத்துக்கொண்டு திரும்புகிறவர்கள்தான் அதிகம்.

ஓமம் வளர்க்க விடுவார்களா என்பதை முதலிலேயே கேட்பது நல்லது. கார்ப்பட் விரித்த ஏசி மண்டபங்களில் நெருப்பு என்றதும் முகம் சுளிப்பதுண்டு. கோயில் மண்டபத்தில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் கறிச்சோறு கிடையாது, விருந்தை வேறு இடத்தில் வைக்கவேண்டும். போயா லீவு நாள் என்பதால் பலருக்கும் வசதி. அன்று இறைச்சி, மது விற்பனைக்குத் தடை இருப்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும். பதிவாளரை மண்டபத்துக்கே அழைத்து எழுத்து வைப்பதானால் விசேட அனுமதிப்பத்திரம் தேவை. அதைக் கடைசி வாரத்துக்கு விட்டுவைத்தால் அலைச்சல்தான்.

இத்தனையும் சரியாக அமைந்தாலும், பாதை சரியில்லை என்றால் அந்த மண்டபம் வேண்டாம். கல்யாணத்துக்கு வாடகை பஸ் பிடிப்பது இங்கே வழக்கம். 2021 மார்ச்சில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பஸ் பசறை 13ஆம் கட்டைக்குப் பக்கத்தில் பள்ளத்தில் விழுந்தது. 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல - வெல்லவாய வீதியில் சுற்றுலா முடித்துத் திரும்பிய பஸ் பள்ளத்தில் பாய்ந்து 15 பேர் இறந்தார்கள். இரவு வரவேற்பு வைத்துவிட்டு, நாள் முழுக்க ஓட்டிக் களைத்த டிரைவரிடம் உறவுக்கூட்டத்தை ஒப்படைத்து மலைப்பாதையில் அனுப்புவது பெரிய துணிச்சல். பகல் முகூர்த்தம், பகல் விருந்து, இருட்டும் முன் எல்லோரும் வீடு என்பதுதான் ஊவாவுக்குப் பொருந்துகிறது. மண்டபத்து வாசலில் பெரிய பஸ் திரும்ப இடமுண்டா, அப்புத்தளைப் பக்கமென்றால் பின்னேரம் பனிமூட்டம் எத்தனை மணிக்கு இறங்கும் என்பதை மனேஜரைவிட அங்கே நிற்கும் ஆட்டோக்காரர் சரியாகச் சொல்வார். கொழும்புச் சொந்தங்கள் ரயிலில் வந்து சேர்வார்கள் என்று நம்பியிருப்பதும் மழைமாதத்தில் சரிவராது. டித்வாவில் மலையக ரயில்பாதை பல இடங்களில் சிதைந்துபோனது.

அழகான இடத்துக்குப் பஞ்சமில்லை. பதுளையில் 1857இல் திறந்த சென் மார்க்ஸ் தேவாலயம் இருக்கிறது. அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரொஜர்ஸ் நினைவாகக் கட்டப்பட்டது அது. பண்டாரவளையில் 1893ஆம் ஆண்டுக் காலத்து ஹோட்டல் இன்னும் நிற்கிறது. படம் பிடிக்க தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்துக்குத்தான் ஜோடிகள் போகிறார்கள். அது ரயில் ஓடும் பாதை, பட்டுச்சேலையோடு தண்டவாளத்தில் நிற்பதற்குமுன் யோசிக்கவேண்டும்.

நாளைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் ஆனியும் ஆவணியும் ஊவாவுக்கு உகந்தவை. தென்மேல் பருவத்து மழை மலையின் அந்தப் பக்கமே நின்றுவிடும், இங்கே வறண்ட காற்றுத்தான் வரும். ஊவாத் தேயிலைக்குப் பேர் வாங்கிக்கொடுத்த அதே காற்று பந்தல் துணியைக் கிழித்துவிடும் என்பதால், அப்போதும் கூரையுள்ள இடமே நல்லது.

ஐப்பசியிலோ கார்த்திகையிலோதான் செய்யவேண்டும் என்றால், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் புறப்படும் முன் பாருங்கள். மஞ்சள் என்றால் விழிப்பு, சிவப்பு என்றால் அந்த இடத்தைவிட்டு வெளியேறவேண்டும். சந்தேகமிருந்தால் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்கள். மழையால் திகதி மாறினால் முன்பணம் என்னாகும் என்பதை, பணம் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்கிவிடுங்கள்.