வழியிற் கிடக்கும் வஸ்திரங்கள்

நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே, அமரவிளைப் பாலத்தைக் கடந்து, உதியன்குளங்கரை, பாறசாலை, இஞ்சிவிளை என்று களியக்காவிளை வரையில் நீண்டு கிடக்கும் நெடுஞ்சாலையிலும், அதனின்று பிரிந்து ரப்பர்த் தோட்டங்களுக்கும் மரச்சீனி விளைகளுக்கும் இடையே நுழைந்து செல்லும் ஒடுங்கிய வழிகளிலும் காலைவேளையில் நடப்பதை வழக்கமாகக் கொண்டவன், கண்ணைத் தரையில் வைத்து நடக்கும் சுபாவமும் உடையவனாக இருந்துவிட்டால், மனிதர்களைக் காணாமலே, அவர்கள் உதிர்த்துவிட்டுப் போன ஆடைகளைக் கொண்டே அவ்வூர்களின் போக்குவரத்தை ஒருவாறு அறிந்துகொண்டுவிடலாம். எனக்கு அந்த சுபாவம் உண்டு. மேடும் பள்ளமுமான செம்மண் பூமியில் தடுக்கி விழாதிருக்க வேண்டும் என்ற பயத்தில் தொடங்கிய பழக்கம், நாளடைவில் ஒரு விநோதமான ஆராய்ச்சியாகவே முதிர்ந்துவிட்டது.

பேருந்து நிற்குமிடங்களில் கைக்குழந்தையின் காலுறை கிடக்கும். அநேகமாக ஒன்றுதான் கிடக்கும். தோளில் சாய்ந்து உறங்கும் குழந்தை தன் காலோடு காலை உரசிக் கழற்றிவிடுவதை, குடையும் பையும் டிக்கட்டுச் சில்லறையுமாகப் படியேறும் தாய் எவ்வாறு அறிவாள்? இரு சக்கர வாகனங்கள் வேகமெடுக்கும் நேர்ச்சாலைகளில் வழவழப்பான செயற்கை இழைத் துப்பட்டாக்கள் கிடக்கும். பருத்தியைப் போல அவை தோளைப் பற்றி நில்லா. தலைக்கவசத்துக்குள் வியர்வைக்காக வைக்கும் சதுரத் துணிகள் பெட்ரோல் நிலையங்களை அடுத்தும், பள்ளிக்கூடத்துக் கழுத்துப் பட்டைகள் மாலை நேரத்தில் பிள்ளைகள் கூடும் கடைகளின் முன்பும் கிடப்பதைக் காணலாம். தனுவச்சபுரத்திலிருந்து பாறசாலை வரையில் ரயில் பாதையை ஒட்டி நடந்தால், ஜன்னற் கம்பியில் உலர்த்திய துவர்த்து என்னும் துண்டுகளும் உள்ளாடைகளும் காற்றில் பறந்து வந்து காட்டுச் செடிகளின் மேல் படர்ந்திருக்கும். திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் 1979-இல் ரயில் வந்தபோது, ஜனங்களுக்குக் கிடைத்த சௌகரியங்களோடு இந்தச் செடிகளுக்கும் ஆடை கிடைத்தது என்று சொல்லலாம்.

ரப்பர்த் தோட்டத்து ஆடைகள் வேறொரு வர்க்கம். பாலின் கறை படிந்து கறுத்து விறைத்துப்போன சட்டைகள் கிளைகளில் தொங்கும். அவை தொலைந்தவையுமல்ல, கைவிடப்பட்டவையுமல்ல. பால்வெட்டுகிற தொழிலாளி விடியுமுன் வந்து அதை மாட்டிக்கொண்டு வெட்டி முடித்ததும், மீண்டும் அங்கேயே தொங்கவிட்டுப் போகிறான். விஷயம் அறியாத புதியவர்கள் அதைக் குப்பையென்று எடுத்துவிடக் கூடாது. ஆனி மாதத்து மழையில் மரங்களுக்கே பிளாஸ்டிக் பாவாடை கட்டிவிடுகிற தோட்டங்களில், யார் ஆடை உடுத்தவர், யார் உடுத்தாதவர் என்று நிச்சயிப்பதே சற்றுக் கஷ்டந்தான்.

இவற்றையெல்லாம் விட என் கவனத்தைக் கவர்ந்தது, வழியிற் கண்டெடுத்த துணியை இவ்வூரார் என்ன செய்கிறார்கள் என்பதே. பெரும்பாலும் அவர்கள் அதைத் தாண்டிப் போவதில்லை; வீட்டுக்கு எடுத்துப் போவதுமில்லை. புழுதியை உதறி, அருகிலிருக்கும் மதிலின் மேலோ, மைல்கல்லின் மேலோ, வேலிக்கம்பின் முனையிலோ, தேடி வருகிறவன் கண்ணுக்குத் தப்பாத உயரத்தில் வைத்துவிட்டு நடக்கிறார்கள். தலைச்சுமையோடு சந்தைக்குப் போனவர்கள் சுமையை இறக்காமலே இளைப்பாறுவதற்காக நம் முன்னோர் நாட்டிய சுமைதாங்கிக் கற்கள் பழைய வழிகளில் இன்னும் சில நிற்கின்றன; தலைச்சுமை ஒழிந்துபோன இக்காலத்தில் அவற்றின் மேல் ஒரு குழந்தையின் தொப்பியோ ஒற்றைக் கையுறையோ இருக்கக் கண்டால், தர்மகைங்கரியத்தின் உபயோகம் தலைமுறைக்குத் தலைமுறை மாறினாலும் அற்றுப்போவதில்லை என்று தோன்றும்.

சட்டத்தைக் கேட்டால் அது வேறுவிதமாகப் பேசும். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், தனது 71-ஆம் பிரிவில், பிறர் பொருளைக் கண்டெடுத்துத் தன் வசம் வைத்துக்கொள்கிறவனுக்கு, அடைக்கலப் பொருளைப் பெற்றவனுக்குரிய பொறுப்பு முழுவதும் உண்டென்று விதிக்கிறது. உரியவரைத் தேடுவதிலும் பொருளைக் காப்பதிலும் ஏற்படும் நியாயமான செலவு பொருளின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினால் விற்றுவிடலாம் என்று 169-ஆம் பிரிவு அனுமதியும் தருகிறது. ஒற்றைக் காலுறையின் மதிப்பில் மூன்றில் இரண்டு பங்கு எவ்வளவு என்பதைக் கணக்கிட வக்கீல் ஒருவர் வேண்டும். ஆகவே குனிந்து எடுத்தவன், அதைத் தன் வசம் வைத்துக்கொள்ளாமல் மதிலின் வசம் ஒப்படைத்துவிடுவது, தர்மத்துக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் உகந்த உபாயமே என்பது என் அபிப்பிராயம்.

ஓரிடத்தில் மட்டும் இந்தச் சாவதானம் கிடையாது. குளத்தங்கரைப் படிக்கட்டில் மடித்து வைத்த முண்டும், அதன் மேல் ஒரு சட்டையும், பக்கத்தில் ஜோடியாகச் செருப்பும் இருந்து, குளத்தில் ஆளைக் காணாவிட்டால், இந்த நாட்டில் யாரும் முதலில் துணியைப் பார்ப்பதில்லை, நீரைப் பார்ப்பார்கள். கீழே விழுந்த துணி கசங்கிக் கிடக்கும், காற்றில் பறந்தது எதிலாவது சிக்கியிருக்கும். மடித்து வைத்த துணியோ, வைத்தவருடைய கருத்தைத் தாங்கியிருக்கிறது. ஆற்றிலும் கடலிலும் ஒதுங்கும் அநாமதேயப் பிரேதங்களைக் குறித்துப் போலீஸார் பத்திரிகைகளில் வெளியிடும் அறிவிப்புகள், உயரத்தையும் நிறத்தையும் சொன்ன கையோடு, நீலச் சாரம், கட்டம் போட்ட சட்டை என்று உடையைத் தவறாமல் சொல்லுவதும் இதனால்தான். பெயரை இழந்த மனிதனுக்குக் கடைசியாக மிஞ்சும் விலாசம் அவன் உடுத்திருந்ததுதான்.

இந்தப் பிரதேசத்தில் துணி என்பது அற்ப விஷயமாக இருந்த காலம் மிகச் சமீபத்தியது. தென் திருவிதாங்கூர் முழுவதிலும், யார் எதை உடுக்கலாம், உடலில் எவ்வளவு தூரம் உடுக்கலாம் என்பதை ஜாதி நிர்ணயித்தது. தோளில் கிடக்கும் துவர்த்து அங்கேயே கிடக்கலாமா, கக்கத்தில் ஒடுங்க வேண்டுமா என்பது எதிரே வருகிறவரின் அந்தஸ்தைப் பொறுத்திருந்தது. நாடார் முதலிய ஜாதி ஸ்திரீகள் இடுப்புக்கு மேலே துணி அணியலாகாது என்ற வழக்கத்தை எதிர்த்து, லண்டன் மிஷன் சபைகளில் சேர்ந்த பெண்கள் முதலில் குப்பாயம் என்ற சட்டையும், பின்னர் தோள் சீலையும் அணியத் தொடங்கினார்கள். கர்னல் மன்றோ ரெஸிடெண்டாகவும் திவானாகவும் இருந்தபோது கிறிஸ்தவப் பெண்களுக்குக் குப்பாயம் அணிய அனுமதி கிடைத்தது. தோள் சீலை மட்டும் மேல்ஜாதியாரின் சின்னம் என்று மறுக்கப்பட்டது. 1829-இல் ராணி கௌரி பார்வதி பாயியின் பெயரால் வெளியான விளம்பரமும் அவ்வாறே குப்பாயத்தை அனுமதித்துச் சீலையை விலக்கிற்று. துணி ஒன்றுதான், அதை உடலில் சுற்றுகிற முறையைப் பற்றி ஒரு ராஜ்யத்தின் கச்சேரிகள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக விவகாரம் செய்துகொண்டிருந்தன என்றால், அதை அற்பமென்று யார் சொல்வார்?

விவகாரம் கச்சேரியோடு நிற்கவில்லை. நெய்யாற்றின்கரை முதல் நாஞ்சில் நாடு வரையில், சந்தைக்கு வந்த பெண்களின் மேலாடையை ஆட்கள் பறித்துக் கிழித்தெறிந்தார்கள். வீடுகளும் பள்ளிகளும் ஜெபாலயங்களும் தீக்கிரையாயின. அன்று சந்தை வழிகளில் கிடந்த துணிகள் யாரும் மறந்து தவறவிட்டவையல்ல. உடுத்தியவர்களின் தோளிலிருந்து பலவந்தமாக உரியப்பட்டவை. அவற்றை எடுத்து மதிலின் மேல் வைக்க எவரும் துணிந்திருக்கமாட்டார்கள். 1858-லும் அடுத்த ஆண்டிலும் கலகம் உச்சத்தை எட்டியபோது, சென்னை கவர்னர் சர் சார்லஸ் டிரெவெல்யன் சமஸ்தானத்தை நெருக்க, உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா மகாராஜா 1859 ஜூலை 26-இல், எந்த மதத்தைச் சேர்ந்த நாடார் பெண்களும் மார்பை மறைத்துக்கொள்ளலாம், ஆனால் மேல்ஜாதி ஸ்திரீகள் உடுக்கும் மாதிரியில் மட்டும் உடுக்கலாகாது என்று விளம்பரம் பிறப்பித்தார். கொடுத்த கையினாலேயே கொஞ்சம் பிடித்துக்கொண்ட தானம் அது. பெண்கள் அந்தப் பாக்கியையும் விளம்பரம் எதற்கும் காத்திராமல் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். 2019-இல் ஒன்பதாம் வகுப்பு மத்தியப் பாடநூலிலிருந்து இந்தச் சரித்திரம் அடங்கிய அத்தியாயம் நீக்கப்பட்டதும், 2023 மார்ச் 6-இல் நாகர்கோவிலில் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநில முதலமைச்சர்களும் ஒரே மேடையில் நின்று இப்போராட்டத்தின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடியதும் வாசகர்கள் அறிந்தவையே.

அந்தஸ்து ஒருபுறம் இருக்க, விலையும் அக்காலத்தில் துணியைத் தொலைய விடவில்லை. நெய்யாற்றின்கரைக்கு வடக்கே சிறிது தூரத்திலுள்ள பாலராமபுரத்தில், பாலராம வர்மா மகாராஜாவின் காலத்தில், திவான் உம்மிணித் தம்பியின் முயற்சியால், திருநெல்வேலிச் சீமையிலிருந்து சாலியர் குடும்பங்கள் கொண்டுவரப்பட்டுக் குடியேற்றப்பட்டன. தெருவின் நீளத்துக்குப் பாவு கட்டி, அரிசிக் கஞ்சி தோய்த்து, வெயில் ஏறுமுன் தூரிகையால் வாரி, பின்னர் குழித்தறியில் கால் புதைத்து உட்கார்ந்து நெய்த முண்டும் நேரியதும் எத்தனை பேருடைய எத்தனை நாள் உழைப்பு என்பதை நேரில் பார்த்தவர்கள், அதைப் பேருந்தில் மறந்துவிட்டு இறங்கமாட்டார்கள். இறங்கினாலும் டிப்போ வரையில் துரத்திப் போவார்கள். அந்த முண்டு கிழிந்த பிறகும் அதன் ஆயுள் முடிவதில்லை: பழகி மிருதுவான பகுதி பிறந்த குழந்தையை ஏந்தவும், அடுத்த பகுதி தொட்டில் கட்டவும், பின்னர் கரித்துணியாகவும், கடைசி இழை விளக்குத் திரியாகவும் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு கடமைகள் வரிசையாகக் காத்திருந்த ஒரு பொருள் வழியிற் கிடக்க நேரம் ஏது?

இப்போது நேரம் இருக்கிறது. 1941-இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்ற இருவர் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் ரசாயனங்களைக் கொண்டு கண்டுபிடித்த பாலியஸ்டர் இழை, டெரிலீன் என்ற பெயரில் நம் அப்பாக்களின் காலத்தில் கௌரவச் சின்னமாக வந்து, நம் காலத்தில் எல்லாவற்றிலும் மலிந்த சரக்காகிவிட்டது. அது திரியாகாது, எரித்தால் உருகிச் சொட்டும். கரித்துணியாகாது, ஈரத்தை உறிஞ்சாது. ஆகவே உடுப்பதொன்றைத் தவிர வேறு கடமை இல்லாத அந்தத் துணி, உடுப்பது முடிந்தவுடன் வேலையற்றுப் போகிறது. வழியிற் கிடக்கும் பருத்தித் துவர்த்தைச் சில மழைக்காலங்களுக்குள் செம்மண் தின்றுவிடுகிறது. பக்கத்திலேயே கிடக்கும் செயற்கை இழைச் சட்டையோ நிறம் மட்டும் மங்கி, உருக்குலையாமல் கிடந்து, வருஷந்தோறும் என்னை அடையாளம் கண்டுகொள்வதுபோல் இருக்கிறது. உலகம் எங்கும் இதே கதைதான். மேனாடுகள் கழித்த கம்பளி ஆடைகள் ஹரியானாவின் பானிப்பட்டுக்கு வந்து நூலாகப் பிரிக்கப்பட்டுப் போர்வையாகின்றன. விலைபோகாமல் மிஞ்சிய வேறு ஆடைகள் தென் அமெரிக்காவில் சிலி நாட்டின் அடகாமா பாலைவனத்தில் குன்றுகளாகக் குவிந்து கிடக்கின்றன.

கைவிடுவதே புண்ணியம் என்று நம்புகிறவர்களும் உண்டு. கார்த்திகை, மார்கழி மாதங்களில் சபரிமலை சென்று தெற்கே திரும்பும் வாகனங்கள் தங்கிச் செல்லும் இடங்களில் கறுப்பு வேட்டிகள் கிடக்கும். பம்பை நதியில் ஆடையை விடுவது விரதத்தின் அங்கமே அன்று என்று தேவஸ்வம் போர்டார் சொல்லி, கேரள உயர்நீதிமன்றம் தடை விதித்தும், பழக்கம் முற்றிலும் நின்றபாடில்லை. பாபநாசத்தில் தாமிரபரணியும், திருநள்ளாற்றில் நளதீர்த்தமும் இதே உபத்திரவத்தை அனுபவிக்கின்றன. பீடையைத் துணியோடு விட்டுப்போகிறவர், அந்தத் துணியை நீரிலிருந்து வாரி எடுக்கும் கூலியாளுக்கு அந்தப் பீடை ஒட்டுமா ஒட்டாதா என்பதையும் சொல்லிவிட்டுப் போனால் நலமாக இருக்கும்.

வாரி எடுக்கிறவர்கள் இப்பக்கத்துக் கிராமங்களில், கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனைப் பெண்கள். பஞ்சாயத்துகளில் வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் வாங்கிக்கொண்டு, வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் குறியைக் கைப்பேசியில் பதிந்து, பிளாஸ்டிக் முதலியவற்றைத் தரம் பிரித்து எடுத்துச் செல்கிறார்கள். பழந்துணிக்கென்று தனியாக மாதமும் குறித்திருக்கிறார்கள். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு முதலிய தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்து, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றபோது, இவ்விரண்டுக்கும் நடுவே அகப்பட்ட இந்த ஊர்களில் பேச்சு இன்றும் இரு கரையையும் தொட்டுத்தான் ஓடுகிறது; சேனைப் பெண்களின் பேச்சும் அப்படியே. எல்லையையொட்டிய ஒரு சந்தில் மதிலின் மேல் காத்திருந்த சட்டையையும், துப்பட்டாவையும், ஒரு குழந்தையின் கம்பளித் தொப்பியையும் காட்டி, இவற்றையும் எடுத்துப் போகலாமே என்று சேனையைச் சேர்ந்த ஒரு அம்மையாரிடம் சொன்னேன்.

“அது ஒக்காது சாரே,” என்றார் அவர், சாக்கை இடுப்பில் மாற்றிக்கொண்டு. “வீட்டிலேருந்து தந்தா வீட்டுக் கணக்கு. இது ஆருக்க துணின்னு ஆருக்குத் தெரியும்? எந்த வீட்டுக் கணக்கில எழுத?”

“மழைக்கு முன்னே எடுத்துவிட்டால் நல்லதல்லவா?”

“மழ நேத்தே பெய்தாச்சே. நனஞ்ச துணிய அங்க எடுக்கமாட்டாங்க. காயப்போட்டு வச்சிருங்கோ, துணி எடுக்க மாசத்தில பாப்போம்.”

கூறிவிட்டு அவர் அடுத்த வாசலில் க்யூஆர் குறியைத் தேடலானார். நான் சட்டையைப் பிழிந்து, வெயில் படும் பக்கமாகத் திருப்பிப் போட்டேன்.