ஓவர்கிளாக் சொதப்பினா மீளலாம், பயாஸ் அப்டேட் சொதப்பினா?

வீட்ல 2009 காலத்து கோர் 2 டுவோ கம்ப்யூட்டர் இன்னும் ஓடுதா? பயாஸ்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. பயாஸ் அப்டேட் வேற, ஓவர்கிளாக் வேற. ரெண்டுலயும் இருக்குற ஆபத்தும் வேற வேற.

முதல்ல ஓவர்கிளாக். இ7500 பிராசஸரோட வேகம் 266 மெகாஹெர்ட்ஸ் × 11, அதாவது 2.93 கிகாஹெர்ட்ஸ். அந்த 11-ஐ ஏத்த முடியாது, லாக் பண்ணியிருப்பாங்க. 266-ஐ 300 ஆக்கினா 3.3 கிகாஹெர்ட்ஸ் கிடைக்கும். ஆனா கூடவே ராமும் ஏறும். 800-ல ஓடுற டிடிஆர்2 ராம் 900-க்குப் போயிடும். அதனால ராம் ரேஷியோவைக் கொஞ்சம் குறைச்சு வைக்கணும். வோல்டேஜை அவசரப்பட்டு ஏத்தாதீங்க. சூடு வோல்டேஜோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். வேகத்தோட வோல்டேஜையும் 10% ஏத்தினா, பிராசஸர் இழுக்குற பவர் கிட்டத்தட்ட 36% கூடிடும்.

கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? பயப்படாதீங்க. நீங்க மாத்தின செட்டிங்ஸ் எல்லாம் சிமாஸ் மெமரியிலதான் இருக்கு. பவர் ஒயரைப் பிடுங்கிட்டு, போர்டுல இருக்குற பட்டன் பேட்டரியை அஞ்சு நிமிஷம் கழட்டி வச்சா பழைய நிலைக்கு வந்துடும்.

பயாஸ் அப்டேட் அப்படி இல்ல. ஃபிளாஷ் சிப்புல இருக்குற புரோகிராமையே அழிச்சுட்டுப் புதுசா எழுதுது. பாதியில கரண்ட் போனா, பேட்டரியைக் கழட்டினாலும் பிரயோஜனம் இல்ல. ரெண்டாவது பயாஸ் சிப் இருக்குற போர்டு தப்பிக்கும். மத்ததுக்கு, சிப்பை புரோகிராமர்ல வச்சு எழுதத் தெரிஞ்ச ஆளைத் தேடணும்.

நம்ம கீழப்பாவூர் பக்கம் ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய் வழியா அடிக்கிற காத்தைப் பத்திச் சொல்லவா வேணும்? மரக்கொப்பு ஒண்ணு கம்பியில சாஞ்சா போதும். அதனால யூபிஎஸ் இல்லாம அப்டேட் பண்ணவே பண்ணாதீங்க. போர்டுல அச்சடிச்சிருக்குற மாடல், ரிவிஷன் நம்பர் ரெண்டும் ஃபைலோட பொருந்துதான்னு பாருங்க. புது பிராசஸர் போடணும், இல்லன்னா ஏதோ கோளாறு சரியாகணும்னாதான் அப்டேட் தேவை. சும்மா வேகத்துக்காக வேண்டாம்.

அதே காத்து ஓவர்கிளாக்குக்கு நல்லதுதான், ரூம் குளுகுளுன்னு இருக்கும். ஆனா சாரல்ல டெஸ்ட் பண்ணி ஓகேன்னு விட்டது சித்திரை வெயில்ல ஹேங் ஆகலாம். அதனால பிரைம்95-ஐ வெயில் காலத்துல மறுபடியும் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்க.

விண்டோஸ் சீக்கிரம் ஓப்பன் ஆனா போதும்னு நினைக்கிறவங்க இதுல எதையும் தொட வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை எடுத்துட்டு ஒரு எஸ்எஸ்டி போடுங்க. வித்தியாசம் வீட்ல இருக்குற எல்லாருக்கும் தெரியும்.