இனிப்புநீரும் நரம்பும் – 11: புழுங்கலரிசி காத்த கால்கள்

பாதம் ஏன் மரத்துப்போகிறது என்று போன வாரமே சொல்லியாயிற்று. தவறவிட்டவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் பி வைட்டமின் மாத்திரை என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வருகிறேன். அதற்கு முன் ஒரு சோற்றுக் கதை.

நூறு வருஷத்துக்கு முன் மலாயாவில் காலை மரக்கவைத்து ஆளையே கொன்ற நோய் பெரிபெரி. முதலில் கால் மரக்கும், நடை தள்ளாடும், உடம்பு வீங்கும், கடைசியில் இதயம் நின்றுபோகும். ஈயச் சுரங்கத்துச் சீனர்கள் கொத்துக்கொத்தாகச் செத்தார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கோ அது அபூர்வம். நம் மலாக்காவை ஒட்டிய நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் இதைக் கவனித்தார். சீனர்கள் சாப்பிட்டது சயாமிலிருந்து வந்த தீட்டிய பச்சரிசி, தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. 1907இல் இதைப் பெரிய புத்தகமாகவே எழுதினார். காரணம்தான் தப்பு: பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்றார்.

கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் மருத்துவர் வில்லியம் பிளெட்சர் அந்தப் புத்தகத்துக்கு முன்பே, அரிசிதான் காரணமா என்று சோதித்தே பார்த்துவிட்டார். 1905 டிசம்பர் 5 அன்று நோயாளிகளைச் சாப்பாட்டுக் கொட்டகையில் வரிசையாக நிறுத்தி எண்ணச் சொன்னார். ஒற்றைப்படைக்காரர்களுக்குப் பச்சரிசி, இரட்டைப்படைக்காரர்களுக்குப் புழுங்கலரிசி. கட்டடத்தின் மேல் பழி விழக்கூடாதே என்று நடுவில் இரு சாராரையும் வார்டு மாற்றிப் போட்டார். ஒரு வருஷத்தில் பச்சரிசிக்காரர்களில் 18 பேர் பெரிபெரியில் இறந்தார்கள். புழுங்கலரிசிக்காரர்களில் ஒருவருக்கும் புதிதாக நோய் வரவில்லை. இன்றைக்கு எந்த நாட்டிலும் இப்படி ஒரு சோதனைக்கு அனுமதி கிடைக்காது, கிடைக்கவும் கூடாது.

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டோரத்துச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. அப்புறம் தீட்டினாலும் முழுக்கப் போவதில்லை. தீட்டும்போது தொலைகிற அந்த ஏதோ ஒன்றுதான் விஷயம் என்று 1909இல் கோலாலம்பூரின் ஃபிரேசரும் ஸ்டாண்டனும் காட்டினார்கள். 1926இல் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) வேறு ஆய்வாளர்கள் அதைப் படிகமாகவே பிரித்தெடுத்தார்கள். அதுதான் பி1. தமிழர்களின் புழுங்கலரிசி, தோட்டத்துரைகள் அக்கறையாய்க் கொடுத்த சத்து என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஊர்ப் பழக்கத்துக்காகக் கப்பலில் வந்த அரிசி அது.

ஜாசினிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “அண்ணே, பி காம்ப்ளெக்ஸ் போட்டா கால் எரிச்சல் நின்னுடுமா?” அதற்குத்தான் இவ்வளவு சுற்று, அம்மா. பிளெட்சரின் நோயாளிகளுக்கு நரம்பு கெட்டது வைட்டமின் இல்லாமல், கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்கள். இனிப்புநீரில் நரம்பைக் கெடுப்பது சர்க்கரை. உடம்பில் பி குறையாத ஆளுக்கு மேலும் பி ஏற்றினால் பலன் உண்டா என்பதற்கு ஆதாரம் மெலிவு. பி1இன் ஒரு வடிவமான பென்ஃபோடியமினை ஜெர்மனியில் சில வாரம் கொடுத்தபோது தொந்தரவு கொஞ்சம் குறைந்தது. நார்வேயில் இரண்டு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். நரம்பில் மாற்றம் இல்லை.

ஆனால் பி12 வேறு கதை. இனிப்புநீருக்காக அரசாங்கக் கிளினிக்கில் வாங்கிவரும் மெட்ஃபோர்மின் மாத்திரை, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் பி12 உள்ளே போவதைக் குறைக்கும். கல்லீரலில் பல வருஷத்துக்கான கையிருப்பு இருப்பதால் பற்றாக்குறை உடனே தெரியாது. (சைவச் சாப்பாட்டில் பி12 குறைவுதான், ஆனாலும் புரட்டாசி ஒரு மாதச் சைவம் அதைக் காலி செய்துவிடாது, வருஷம் முழுக்கச் சைவம் என்றால்தான் யோசிக்க வேண்டும்.) தெரியும்போது அதே மரப்பு, அதே எறும்பு ஊர்தல். சர்க்கரையின் வேலை என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள். 2019 தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களில் 31.4. புக்கிட் ஆசாகானிலோ மெர்லிமாவிலோ வீட்டுக்கு ஒரு மெட்ஃபோர்மின் அட்டை இருக்கிறது என்றால் ஆச்சரியமில்லை. பல வருஷமாக விழுங்குகிறவர்கள் கால் மரத்தால், “டாக்டர், பி12 பார்த்தீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ரத்தப் பரிசோதனைதான். குறைவு இருந்தால் மாத்திரையோ ஊசியோ உண்மையிலேயே வேலை செய்யும், தாமதிக்காமல் தொடங்கினால்.

சிறுநீரகம் பழுதானவர்கள் பி மாத்திரையை ஃபார்மசியில் தாங்களாகவே வாங்க வேண்டாம். கனடாவில் இனிப்புநீரால் சிறுநீரகம் கெட்டவர்களுக்கு ஃபோலிக் அமிலம், பி6, பி12 மூன்றையும் அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் இன்னும் வேகமாகக் கெட்டது, மாரடைப்பும் பக்கவாதமும் கூடின. 2010இல் வெளிவந்த முடிவு இது.

பி6க்கு இந்த வாரம் இடமில்லை, அரிசி தின்றுவிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அதுவே கால் நரம்பைக் கெடுக்கும் என்பதை மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன். வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டையில் பி6 எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து வையுங்கள். அடுத்த வாரம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்கப்போகிறேன்.