கதவுக்குள் தேங்கும் மழை: பழைய காரை மாரியிலிருந்து காப்பாற்றுவது எப்படி?

கடந்த கார்த்திகை மாதம் ஒரு விடியற்காலை. எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அம்மாவைக் கிளினிக்குக்கு ஏற்றிக்கொண்டு போனேன். மழை விட்டிருந்த நேரம் என்பதால் காற்றுக்காக அவர் யன்னலைச் சற்று இறக்கினார். திரும்ப மழை பிடித்தபோது கண்ணாடி ஏறவில்லை. பொத்தானை அழுத்தினால் ‘டிக்’ என்ற சத்தம் மட்டும்தான். வைத்தியசாலை வாசல் வரைக்கும் அந்த அம்மா என்னுடைய படங்குத் துண்டை யன்னலில் பிடித்தபடியே வந்தார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் இறங்கும்போது அவருடைய சேலையின் ஒரு பக்கம் முழுவதும் நனைந்திருந்தது.

கராஜில் கதவின் உட்பலகையைக் கழற்றினார்கள். கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் கறள் பிடித்துப் போயிருந்தது. கதவின் அடியில் ஒரு செம்பளவு தண்ணீர், அதற்குள் ஊறிப்போன வேப்பிலைகள். மெக்கானிக் என்னைப் பார்த்துக் கேட்டார்: “தம்பி, கதவைத் திறக்கேக்க உள்ளுக்கு ‘சளக் சளக்’ எண்டு கேக்கேல்லையோ?”

கேட்டதுதான். இரண்டு வாரமாகக் கேட்டது. பழைய கார்தானே என்று விட்டுவிட்டேன்.

நான் அப்படி விட்டிருக்கக்கூடாது. ஏனென்றால் இதே காட்சியை நான் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். அப்பாவிடம் ஒரு ஒஸ்ரின் ஏ 40 இருந்தது. பெற்றோல் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்களில் அதுவும் ஒன்று. 1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது, எஞ்சின் கழற்றிப் போட்டிருந்தபடியால் அதைக் கொண்டுபோக முடியவில்லை. வளவில் வேப்பமரத்தின் கீழ் நின்றது. தென்மராட்சியில் இருந்துவிட்டு அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரையில்லை; காருக்குக் கூரை இருந்தது. ஆனால் நான்கு கதவுகளின் அடிப்பகுதியும் பிஸ்கட் போல உதிர்ந்தது. கதவுக்குள் கையை விட்டு அப்பா அள்ளி எடுத்தது முழுவதும் வேப்பஞ் சருகு. வெளியே பூச்சு அப்படியே இருக்க, உள்ளேயிருந்துதான் அது அழிந்திருந்தது.

ஏன் கதவுகள் மட்டும் அப்படிப் போகின்றன? விடை கதவு செய்யப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது.

தண்ணீர் உள்ளே வரத்தான் வரும்

கார்க் கதவுக்குள் மழைத்தண்ணீர் போகவே கூடாது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில் அது போகும் என்று தெரிந்துதான் கதவைச் செய்கிறார்கள். கண்ணாடி மேலும் கீழும் வழுக்கிப் போகவேண்டும். ஆகவே அதன் இரு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும் றப்பர் பட்டிகளால் தண்ணீரை வழித்துவிட முடியுமே தவிர, போத்தல் மூடிபோல் இறுக்கி அடைக்க முடியாது. கண்ணாடியில் வழியும் மழையில் ஒரு பங்கு எப்போதும் கதவின் வயிற்றுக்குள் இறங்கும்.

இறங்கும் தண்ணீருக்கு இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒன்று, கதவின் அடி விளிம்பில் இருக்கும் சிறிய துவாரங்கள். தண்ணீர் அவற்றின் வழியே நிலத்தில் விழுந்துவிடும். மற்றது, உட்பலகைக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கும் பொலித்தீன் தாள். கதவின் ஈரமான பக்கத்தையும், நாம் இருக்கும் உலர்ந்த பக்கத்தையும் பிரிப்பது அந்தத் தாள்தான். ஆகவே கதவைப் பராமரிப்பது என்பது தண்ணீரை வராமல் மறிப்பதைவிட, வந்த தண்ணீருக்கு வழி விடுவதுதான்.

வழி அடைபடும்போதுதான் துன்பம் தொடங்குகிறது. எங்கள் பக்கத்துச் செம்மண் புழுதி, வேப்பம்பூ, சருகு எல்லாம் றப்பரின் இடுக்கால் உள்ளே விழுந்து துவாரங்களில் சேறாகப் படிகின்றன. வெயிலில் கிடந்து விறைத்துப்போன றப்பர், குப்பையை இன்னும் தாராளமாக உள்ளே விடும். கதவின் அடியில் இரண்டு தகரங்கள் ஒன்றன்மேல் ஒன்று மடிக்கப்பட்டிருக்கும். அந்த மடிப்புக்குள் உறிஞ்சப்படும் ஈரம் இலேசில் காயாது. கறள் அங்கேதான் பிறக்கும். பூச்சில் சிறு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி வேலை முடிந்திருக்கும்.

பண்ணைப் பாலத்தாலும் பொன்னாலைப் பாலத்தாலும் நாளாந்தம் போய்வரும் வாகனங்களுக்கு உப்புக்காற்றும் சேர்கிறது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருக்கும்; கறளையும் வேகப்படுத்தும்.

எங்கே பிழை என்று கண்டுபிடிப்பது

செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. காரைச் சமதரையில் நிறுத்தி, யன்னலை முழுதாக ஏற்றி, ஒரு பூவாளியால் கண்ணாடியின் அடிப்பகுதியில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். சிறிது நேரத்தில் கதவின் அடியிலிருந்து தண்ணீர் சொட்டவேண்டும். சொட்டினால் நல்லது. ஊற்ற ஊற்ற ஒன்றும் வராவிட்டால் துவாரங்கள் அடைபட்டிருக்கின்றன.

காருக்குள் ஈரம் எங்கே தெரிகிறது என்பதும் ஒரு சாட்சி:

கதவைத் திறந்து மூடும்போது தண்ணீர் அலையும் சத்தம் கேட்டால், அடித்துவாரம் அடைப்பு.

கதவின் உட்பலகை, ஸ்பீக்கர், அல்லது கதவோரத்துக் கம்பளம் நனைந்தால், பொலித்தீன் தாள் கிழிந்திருக்கிறது அல்லது விலகியிருக்கிறது. பாட்டுப்பெட்டி, ஸ்பீக்கர் பூட்டும்போது இந்தத் தாளைக் கிழித்து எறிந்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது.

கண்ணாடியின் மேல்விளிம்பால் தோளில் சொட்டினால், கதவைச் சுற்றியுள்ள றப்பர் தேய்ந்திருக்கிறது. கதவின் இடையில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கி வந்தால் அந்த இடத்தில் றப்பர் அழுத்தவில்லை என்று பொருள்.

கதவு காய்ந்திருக்க, முன் இருக்கையின் காலடி மட்டும் நனைந்தால் கதவைக் குற்றம் சொல்லாதீர்கள். மழையில்லாத நாளிலும் ஏசி போடும்போது நனைந்தால் ஏசியின் கழிவுநீர்க் குழாய் அடைபட்டிருக்கலாம். மழையில் மட்டும் நனைந்தால் முன்கண்ணாடிக்குக் கீழே சருகு சேரும் பகுதியையும், கதவுக்கு வயர் போகும் றப்பர்க் குழாயையும் பாருங்கள்.

நாமே செய்யக்கூடியவை

துவாரத்தைத் துப்புரவாக்கக் கம்பியோ ஆணியோ வேண்டாம். அது பூச்சைச் சுரண்டிப் புதிய கறளுக்கு இடம் வைக்கும். தென்னோலை ஈர்க்கு போதும். கதவின் அடியிலிருந்து மெதுவாக விட்டு அசைத்தால் சேறு இளகி விழும். பிறகு மேலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றி, தெளிவாக வரும்வரை கழுவிவிடுங்கள். ஐப்பசி பிறக்கமுன் ஒருமுறை, மாரி முடிந்தபின் ஒருமுறை செய்தால் பெரும்பாலான கார்களுக்குப் போதும். மரத்தின் கீழ் நிற்கும் கார் என்றால் மாதம் ஒருமுறை.

றப்பர் பட்டிகளைச் சவர்க்காரத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிட்டு, சிலிக்கன் ஸ்பிரே மெல்லிதாகப் பூசலாம். கிறீஸ், பழைய எஞ்சின் எண்ணெய் என்பன கூடாது. அவை றப்பரை ஊதவும் இளகவும் வைக்கும். தேங்காயெண்ணெய் பூசினால் முதல்நாள் மினுங்கும், மறுநாள் புழுதி பிடிக்கும்.

பொலித்தீன் தாள் போயிருந்தால் தடித்த பொலித்தீனை அளவாக வெட்டிப் புதிதாக ஒட்டலாம். சாதாரண ஒட்டுநாடா ஈரத்தில் கழன்றுவிடும். வாகன உதிரிப்பாகக் கடைகளில் ‘பியூட்டைல்’ பசைநாடா என்று கேளுங்கள். தாளின் கீழ்விளிம்பை உட்தகரத்தின் ஈரமான பக்கத்துக்குள் செருகிவிடவேண்டும் என்பதை மறக்காதீர்கள். அப்போதுதான் தாளில் வழியும் தண்ணீர் கதவுக்குள்ளேயே திரும்ப விழும். சில புதிய கார்களில் பக்கவாட்டு எயார்பாக்குக்கான உணரி கதவுக்குள் இருக்கும். அப்படியான காரில் உட்பலகையில் நீங்களாகக் கைவைக்காமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

இன்னொரு பிழையையும் சொல்லவேண்டும். தண்ணீர் ஒழுகுகிறது என்று கதவின் அடியைச் சுற்றி சிலிக்கன் பசை பூசி அடைத்துவிடுகிறார்கள். சொட்டுவது நின்றுவிடும். ஆனால் அது தண்ணீருக்கு இருந்த ஒரே வாசலையும் பூட்டிவிடுவதுதான்.

கண்ணாடியில் படியும் புகார்

மழையில் கண்ணாடி மங்குவதும் ஈரத்தின் வேலைதான். பள்ளிக்கூடத்தில் ஒடுங்கல் என்று படித்தோமே, அதுதான். நனைந்த உடுப்போடு நான்கு பேர் ஏறினால் காருக்குள் ஈரப்பதன் கூடும்; குளிர்ந்த கண்ணாடியின் உட்பக்கத்தில் நீர்த்துளியாக ஒடுங்கும். கையால் துடைத்தால் திரும்ப மங்கும். ஏசியைப் போட்டு, வெளிக்காற்றை உள்ளே எடுக்கும் நிலைக்கு மாற்றுங்கள். ஏசி காற்றிலுள்ள ஈரத்தைப் பிரித்து எடுத்துவிடும். ஏசி வேலை செய்யாத காரில் எதிரெதிர் யன்னல்கள் இரண்டை விரலளவு இறக்கிவிடலாம். கண்ணாடியின் வெளிப்பக்கம் மங்கினால் அது மறுவளம்: ஏசி குளிர் கூடிவிட்டது. குளிரைக் குறைத்து, வைப்பரை ஒருமுறை போட்டால் போதும்.

மழை இல்லாத நாளிலும் காலையில் உட்பக்கம் மங்கியிருந்தால், எங்கோ ஈரம் தேங்கியிருக்கிறது. காற்விரிப்பைத் தூக்கிக் கீழே கையை வைத்துப் பாருங்கள். பூஞ்சண மணம் வந்தால் வெயில் எறிக்கும் நாளில் விரிப்பைக் கழற்றிக் காயவிடவேண்டும். இழுப்பு உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அந்தப் பூஞ்சணம் கூடாது.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. திறந்தபின்னும் அந்த விலைகள் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டுவதில்லை. இருக்கும் கார்தான் ஹயர் ஓடவேண்டும், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோகவேண்டும், இரவில் வருத்தக்காரரை ஏற்றவேண்டும். வெளிநாட்டிலிருக்கும் சகோதரம் மிச்சம்பிடித்து அனுப்பிய காசில் வாங்கிய கார் என்றால் அதை இழப்பது இன்னும் கஷ்டம்.

அப்பாவின் ஏ 40 ஐப் பிறகு நாங்கள் இரும்பு விலைக்குக் கொடுத்தோம். அதைப் பராமரிக்க அன்று எங்களுக்கு வழி இருக்கவில்லை. உயிரோடு திரும்பியதே பெரிது. இன்று எனக்கு அந்தச் சாட்டு இல்லை. புது மோட்டார் பூட்டியபின் முதல் வேலையாக அந்த அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்து, அடுத்த கிளினிக் எப்போது என்று கேட்டேன். அவர் திகதியைச் சொல்லிவிட்டு, “யன்னல் ஏறுதோ தம்பி?” என்று கேட்டார். ஏறுது அம்மா என்றேன். இப்போது காரின் தட்டில் ஒரு கட்டு ஈர்க்கு எப்போதும் கிடக்கிறது.